த கேர்ள் வித் த மேக்-பிலீவ் ஹஸ்பண்ட் (நாவல்)

த கேர்ள் வித் த மேக்-பிலீவ் ஹஸ்பண்ட் (2017) அமெரிக்க எழுத்தாளர் ஜூலியா குவின் ஆங்கிலத்தில் எழுதிய வரலாற்றுக் காதல் நாவல். தலைப்பைத் தமிழில் 'பாவனைக் கணவனைக் கொண்ட பெண்' எனலாம். அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1779-ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் படையின் பிடியிலிருந்த நியூயார்க் நகரில் கதை நிகழ்கிறது. தலையில் அடிபட்டு நினைவின்றிக் கிடக்கும் ஓர் அதிகாரியின் அருகில் இருக்க அனுமதி பெறுவதற்காக, அவனுடைய மனைவி என்று ஒரு பெண் தன்னைச் சொல்லிக்கொள்கிறாள். அவன் கண்விழிக்கும்போது கடந்த மூன்று மாதங்கள் அவன் நினைவில் இல்லை. எல்லோரும் மனைவி என்று சொல்வதால் அவனும் அப்படியே நம்புகிறான். இந்த ஒரு பொய்யின் மேல்தான் நாவல் முழுவதும் நிற்கிறது.

நூலாசிரியர்

ஜூலியா குவின் என்பது ஜூலி பாட்டிஞ்சரின் புனைபெயர். 1970-ல் பிறந்தவர். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படித்தார். பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்பில் சேர்ந்து, சில மாதங்களில் அதைக் கைவிட்டு முழுநேர எழுத்துக்கு வந்தார். முதல் நாவல் 1995-ல் வெளியானது. 2000-ல் வெளிவந்த த டியூக் அண்ட் ஐ நாவலில் தொடங்கி, பிரிட்ஜர்டன் குடும்பத்தின் எட்டுப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு நாவல் எழுதினார். 2020 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் அவற்றைத் தொடராக்கிய பிறகே காதல் நாவல் வாசிக்காதவர்களுக்கும் அவர் பெயர் அறிமுகமானது.

இந்த நாவல் ரோக்ஸ்பி வரிசையில் இரண்டாவது. பிரிட்ஜர்டன் நாவல்களுக்கு ஒரு தலைமுறை முந்தைய காலத்தில், அண்டை வீட்டாரான ரோக்ஸ்பி, பிரிட்ஜர்டன் குடும்பங்களைச் சுற்றி நிகழ்பவை இவ்வரிசைக் கதைகள். முதல் நாவலான பிகாஸ் ஆஃப் மிஸ் பிரிட்ஜர்டன் (2016) ரோக்ஸ்பி வீட்டு மூத்த மகன் ஜார்ஜின் கதை. இரண்டாம் நாவல் அவன் தம்பி எட்வர்டுடையது. ஏவன் பதிப்பகம் இதை 2017 மே மாதம் வெளியிட்டது. முதல் நாவலைப் படிக்காமலும் இதைப் படிக்கலாம். இரண்டுக்கும் பொதுவானவை சில பெயர்கள் மட்டுமே.

கதைச்சுருக்கம்

சிசீலியா ஹார்கோர்ட் இங்கிலாந்தில் டெர்பிஷயரைச் சேர்ந்தவள். பெற்றோரை இழந்தவள். ஒரே அண்ணன் தாமஸ் பிரிட்டிஷ் படையில் அமெரிக்கா சென்றிருக்கிறான். அவன் காயமடைந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. அவனுக்கு ஏதாவது ஆனால் வீடும் நிலமும் சிசீலியாவுக்கு வராது, பங்காளி ஹோரஸுக்குப் போகும். அந்த ஹோரஸ் அவளை மணந்துகொள்ளத் துடிக்கிறான். அவனைக் கட்டிக்கொள்வது, அல்லது மணமாகாத அத்தை ஒருத்தியின் வீட்டில் ஒதுங்கிக்கொள்வது, இந்த இரண்டு வழிகள்தான் அவள் முன் இருக்கின்றன. அவள் இரண்டையும் விட்டுவிட்டுக் கப்பலேறுகிறாள்.

நியூயார்க்கில் ஒரு வாரம் தேடியும் அண்ணனைப் பற்றித் தகவல் கிடைப்பதில்லை. அவளுக்குப் பதில் சொல்லக்கூட யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. கடைசியில் மருத்துவமனையில் அவள் கண்டுபிடிப்பது தாமஸின் உற்ற நண்பன் கேப்டன் எட்வர்ட் ரோக்ஸ்பியை. அவன் நினைவின்றிக் கிடக்கிறான். உறவினர் அல்லாத பெண்ணை அருகில் விடமாட்டார்கள் என்று தெரிந்ததும் அந்தப் பொய் அவள் வாயில் வந்துவிடுகிறது.

எட்வர்ட் ஒரு பிரபுவின் மகன். அவன் மனைவி என்று சொன்ன மறுகணமே அவளுக்குக் கதவுகள் திறக்கின்றன. படை அதிகாரிகள் மரியாதையோடு பேசுகிறார்கள், அண்ணனைப் பற்றி அவள் கேட்கும் கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்கிறார்கள். எட்வர்ட் விழித்த பிறகு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். சொன்னால் அந்தக் கதவுகள் மூடிக்கொள்ளும் என்பதால் இன்று, நாளை என்று தள்ளிப்போடுகிறாள். கடல் கடந்த இருவருக்கும் எப்படித் திருமணம் நடந்தது என்ற கேள்விக்கு, பதிலாள் வைத்து நடந்தது என்று இன்னொரு பொய் தேவைப்படுகிறது. எட்வர்டும் நண்பனின் தங்கையைப் பற்றி முன்பே நிறைய அறிந்தவன் என்பதால் நம்பிவிடுகிறான். ஊரில் அண்டை வீட்டுப் பெண்ணைத்தான் மணப்போம் என்று அவன் எண்ணியிருந்ததுண்டு. அந்த ஒரு நெருடலைத் தவிர அவனுக்குச் சந்தேகம் இல்லை.

பின்பாதியில் தாமஸ் இறந்துவிட்டான் என்பது தெரிகிறது. எட்வர்டின் நினைவும் திரும்புகிறது. பொய் வெளிப்படும்போது அவனும் முழுக்க வெள்ளை மனத்தோடு இருந்துவிடவில்லை என்பதையும் வாசகர் அறிகிறார். முடிவில் பாவனைத் திருமணம் மெய்த் திருமணமாகிறது. இவ்வகை நாவல்களில் வாசகருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்த முடிவு அது. எந்த வழியில் அங்கே போகிறார்கள் என்பதில்தான் ஆர்வம்.

'மனைவி' என்னும் அனுமதிச் சீட்டு

நாவலின் நடை இலேசானது, சிரிப்பும் கிண்டலும் நிறைந்தது. ஆனால் அடியில் இருக்கும் நிலைமை இலேசானதல்ல. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மணமான பெண்ணுக்குச் சட்டத்தில் தனி இருப்பே கிடையாது. கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள், அந்த ஆள் கணவன் என்பதே கோட்பாடு. வில்லியம் பிளாக்ஸ்டோன் 1765 முதல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற சட்ட விளக்க நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். மனைவியின் சம்பாத்தியம் கணவனுடையது. அவள் பெயரில் ஒப்பந்தம் செல்லாது. 1870, 1882 ஆண்டுகளின் மணமான பெண்கள் சொத்துச் சட்டங்கள் வந்த பிறகே இது தளர்ந்தது.

சட்டப்படி பார்த்தால் மணமாகாத வயதுவந்த பெண்ணின் நிலை மேலானது. அவள் சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குத் தொடுக்கலாம். நடைமுறை நேர்மாறாக இருந்தது. சொத்துள்ள கைம்பெண்ணுக்கு இருந்த மரியாதைகூடத் தனித்து வந்த ஓர் இளம்பெண்ணுக்கு இல்லை. சிசீலியா தன் சொந்தப் பெயரில் கேட்டபோது கிடைக்காத பதில், இன்னொருவன் பெயரைச் சொன்னதும் கிடைக்கிறது. சட்டப்படி தன்னை இல்லாமலாக்கும் ஓர் உறவைப் பொய்யாகச் சொல்லித்தான் அவள் ஓர் ஆளாக மதிக்கப்படுகிறாள். குவின் இதைப் பிரசங்கமாக்கவில்லை. அதிகாரிகளின் தொனி ஒரே நாளில் மாறுவதைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நாவலின் நல்ல பகுதிகள் இவை.

மனைவி என்ற சொல் போர்க்களத்தில் எதையெல்லாம் சாதித்தது என்பதற்கு அதே போரில் உண்மைச் சான்று உண்டு. 1777 அக்டோபரில் சரடோகாப் போரில் மேஜர் ஜான் ஆக்லண்ட் இரு கால்களிலும் சுடப்பட்டு அமெரிக்கர்களிடம் சிறைப்பட்டார். அவர் மனைவி லேடி ஹாரியட் ஆக்லண்ட் அப்போது கருவுற்றிருந்தார். பிரிட்டிஷ் தளபதி பர்கோயினிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, படைப் போதகர் ஒருவர் துணையோடு, இரவில் ஹட்சன் ஆற்றில் திறந்த படகில் எதிரி முகாமுக்குப் போனார். அமெரிக்கத் தளபதி ஹொரேஷியோ கேட்ஸ் அவரை மரியாதையுடன் வரவேற்றுக் கணவரிடம் சேர்த்தார். இந்தப் பயணம் இங்கிலாந்தில் பெரும் புகழ் பெற்றது. காயம்பட்டவரின் மனைவி என்பதற்காக எதிரியே வழிவிட்டான். நண்பனின் தங்கை என்று சொல்லியிருந்தால் படகே கிடைத்திருக்காது.

சட்டத்தின் கண்ணில் அந்தப் பொய்

1779-ல் ஒரு பெண் "நான் இவர் மனைவி" என்று சொன்னால் அதைச் சரிபார்ப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு அன்று இடத்துக்கு இடம் வேறு பதில் இருந்தது. கதையின் நம்பகத்தன்மை அதில்தான் இருக்கிறது.

இங்கிலாந்தில் 1754 வரை திருமணம் செய்துகொள்வது மிக எளிது. மணமக்கள் இருவரும் இப்போதே உன்னை ஏற்கிறேன் என்று சொல்லிக்கொண்டாலே அது கட்டுப்படுத்தும் உறவு. லண்டனில் ஃபிளீட் சிறையைச் சுற்றியிருந்த தெருக்களில், கடனில் மூழ்கிய பாதிரிமார் காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்காமல் திருமணம் நடத்திவைத்தார்கள். தேதியை முன்தள்ளி எழுதித் தருவதும் நடந்தது. மணந்துவிட்டு மறுப்பது, மணக்காமலே மணந்ததாகச் சொல்வது என வழக்குகள் பெருகின. பொய்யும் பிழையும் தோன்றிய பிறகே மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்று தொல்காப்பியம் காரணம் சொல்கிறதே, ஏறக்குறைய அதே காரணத்துக்காக ஹார்டிக் பிரபு 1753-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். 1754 மார்ச் 25 முதல், முன்னறிவிப்போ உரிமமோ பெற்றுத் தேவாலயத்தில் நடக்காத திருமணம் செல்லாது என்றாயிற்று; சாட்சிகளும் பதிவேடும் கட்டாயமாயின. குவேக்கர்களுக்கும் யூதர்களுக்கும் விலக்கு உண்டு.

ஆனால் அந்தச் சட்டம் ஸ்காட்லாந்துக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் பொருந்தாது. காதலர்கள் எல்லை தாண்டி கிரெட்னா கிரீனுக்கு ஓடியது இதனால்தான். ஸ்காட்லாந்தில் இன்னும் வேடிக்கையான ஒரு வழியும் இருந்தது. ஓர் ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்து, ஊரும் அப்படியே நம்பினால், அந்த நம்பிக்கையை வைத்தே நீதிமன்றம் அவர்களுக்குத் திருமணம் ஆனதாக அறிவிக்கலாம். 2006-ல்தான் இந்த வழி மூடப்பட்டது. அமெரிக்கக் குடியேற்றங்களிலும் பதிவேடும் பாதிரியும் எட்டாத இடங்கள் அதிகம் என்பதால், சடங்கில்லாத ஒப்புதல் திருமணத்தைச் சமூகம் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. நியூயார்க் நீதிமன்றம் ஃபென்டன் எதிர் ரீட் வழக்கில் 1809-ல் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 1933 வரை அம்மாநிலத்தில் அது நீடித்தது.

ஆக, கதை நிகழும் ஊரில் சிசீலியாவிடம் யாரும் சான்றிதழ் கேட்காமல் விட்டது கதாசிரியரின் வசதிக்காக மட்டுமல்ல. சொல்தான் அங்கே பெரும்பாலும் சான்று. அதேவேளை எட்வர்டின் நம்பிக்கை புதிய ஒப்புதலாகாது. இன்று உன்னை ஏற்கிறேன் என்று அவன் சொல்லவில்லை. ஏற்கெனவே ஏற்றுவிட்டேன் போலும் என்று நினைக்கிறான். இரண்டுக்கும் இடையிலுள்ள இந்த மெல்லிய இடைவெளிதான் கதையின் நெஞ்சு உறுத்தல்.

பதிலாள் திருமணம் என்ற விளக்கம் இதைவிடப் பலவீனமானது. அரச குடும்பங்களில் அது வழக்கம். 1625-ல் பாரிஸில் ஹென்ரியெட்டா மரியாவுக்கும் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸுக்கும் திருமணம் நடந்தபோது சார்லஸ் அங்கே இல்லை. அவருக்குப் பதிலாக ஒரு பிரபு நின்றார். 1770-ல் வியன்னாவில் மரீ அன்டோய்னெட்டுக்கு நடந்த திருமணத்தில் மணமகன் இடத்தில் நின்றது அவருடைய சொந்த அண்ணன். கத்தோலிக்கத் திருச்சபை இதை ஏற்றது. ஹார்டிக் சட்டத்துக்குப் பிந்தைய இங்கிலாந்தில், டெர்பிஷயர் கிராமத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இது செல்லுபடியாகும் வழியே இல்லை. எட்வர்டுக்குச் சட்டம் தெரிந்த நண்பன் ஒருவன் இருந்திருந்தால் நாவல் நாற்பது பக்கங்களில் முடிந்திருக்கும். (அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் படைவீரர்களுக்கு இன்றும் பதிலாள் திருமணம் உண்டு. போரும் தூரமும் சேர்ந்தால் இந்த ஏற்பாடு தேவைப்படத்தான் செய்கிறது.)

குவின் தொடாமல் விட்ட இன்னொரு பக்கமும் உண்டு. தன்னை ஒருவருடைய மனைவி அல்லது கணவன் என்று பொய்யாகச் சொல்லித் திரிவது அன்று தனிப்பெயர் கொண்ட ஒரு வழக்குக்கு உரியது. ஜாக்டிடேஷன் என்று அதற்குப் பெயர். பாதிக்கப்பட்டவர் திருச்சபை நீதிமன்றத்துக்குப் போய், இனி அப்படிச் சொல்லக்கூடாது என்று தடையாணை பெறலாம். இங்கிலாந்தில் 1986 வரை இந்த வழக்கு சட்டத்தில் இருந்தது.

இதன் மிகப் பெயர்பெற்ற வழக்கு கதை நிகழும் காலத்துக்குச் சற்று முந்தையது. எலிசபெத் சட்லி என்ற அரண்மனைத் தோழி 1744-ல் அகஸ்டஸ் ஹெர்வி என்ற கடற்படை அதிகாரியை இரகசியமாக மணந்தார். உறவு கசந்தது. ஆண்டுகள் கழித்து கிங்ஸ்டன் பிரபுவை மணக்க விரும்பியபோது, ஹெர்வி தன்னை மனைவி என்று பொய் சொல்லித் திரிவதாக இதே வழக்கைத் தொடுத்தார். 1769-ல் நீதிமன்றம் அவர் மணமாகாதவர் என்று தீர்ப்பளித்தது. உடனே பிரபுவை மணந்தார். பிரபு 1773-ல் இறந்ததும் சொத்துக்காக உறவினர்கள் பழைய கதையைக் கிளறினார்கள். 1776 ஏப்ரலில், அமெரிக்காவில் போர் நடந்துகொண்டிருக்கையில், பிரபுக்கள் சபை அவரை இருதார மணக் குற்றத்துக்காக விசாரித்துக் குற்றவாளி எனத் தீர்த்தது. நுழைவுச் சீட்டுக்கு அடிதடி நடக்கும் அளவுக்குக் கூட்டம் கூடிய விசாரணை அது. பிரபு குலத்துப் பெண் என்ற சலுகையால் கையில் சூடு போடும் தண்டனையிலிருந்து தப்பினார்.

சட்லி உண்மையான திருமணத்தைப் பொய் என்றார். சிசீலியா பொய்த் திருமணத்தை உண்மை என்கிறாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து முழுவதும் வாய்க்கு வாய் பேசப்பட்ட அந்த வழக்கு, செய்தித்தாள் படிக்கும் குடும்பத்தில் வளர்ந்த ஒரு பெண்ணின் நினைவுக்கு ஒருமுறையாவது வந்திருக்கும். நாவலில் சிசீலியா அஞ்சுவது எட்வர்டின் வெறுப்புக்கு. நீதிமன்றத்துக்கு அல்ல.

நியூயார்க், 1779

பிரிட்டிஷ் படை நியூயார்க்கை 1776 செப்டம்பரில் பிடித்தது. ஒரு வாரத்துக்குள், செப்டம்பர் 21 அன்று, பெரும் தீயில் நகரின் ஏறக்குறைய கால் பங்கு எரிந்தது. டிரினிட்டி தேவாலயமும் அதில் சாம்பலாயிற்று. மீதியிருந்த வீடுகளில் படையினர், அதிகாரிகள், மன்னர் பக்கம் நின்றதால் பிற ஊர்களிலிருந்து விரட்டப்பட்டு வந்த அகதிகள் எல்லோரும் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். எரிந்த பகுதியில் கூடாரத் துணி போட்டுக் குடியிருந்தவர்களும் உண்டு. தேவாலயங்கள் மருத்துவமனைகளாகவும் சிறைகளாகவும் கிடங்குகளாகவும் மாறின. நகரில் நடந்தது படை ஆட்சி. ஆற்றின் மறுகரையில் வாலபவுட் குடாவில் நின்ற சிறைக்கப்பல்களில் நோயாலும் பட்டினியாலும் இறந்த அமெரிக்கக் கைதிகள் 11,000-க்கும் மேல் இருப்பார்கள் என்பது பரவலான மதிப்பீடு. 1783 நவம்பர் 25 அன்றுதான் பிரிட்டிஷார் நகரைவிட்டு வெளியேறினார்கள்.

இந்த நகரத்தில் ஒரு பகுதிதான் நாவலில் தெரிகிறது. விடுதி அறை, மருத்துவமனை, துறைமுகம், அதிகாரிகளின் அலுவலகம் என்று கதை குறுகிய இடத்துக்குள் சுற்றுகிறது. சிறைக்கப்பல்களின் நாற்றம் அதற்குள் வரவில்லை. பிரிட்டிஷ் அதிகாரியைக் கதாநாயகனாக்கி அமெரிக்க வாசகருக்கு எழுதும் நாவல், போரில் யார் பக்கம் நியாயம் என்ற கேள்வியைச் சாமர்த்தியமாகத் தாண்டிச் செல்கிறது. ரீஜன்சி காலத்து லண்டன் நடன அரங்குகளுக்குப் பழகிய வாசகருக்கு இந்தக் களமே புதுமைதான் என்றாலும், அதை இன்னும் பயன்படுத்தியிருக்கலாம்.

படைகளோடு பெண்கள் இருப்பது அன்று வழக்கம். ஒவ்வொரு படைப்பிரிவிலும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் படைவீரர்களின் மனைவியர் கணக்கில் சேர்க்கப்பட்டு உணவுப்படி பெற்றார்கள். துணி துவைத்தார்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். பயிற்சி பெற்ற செவிலியர் என்ற தொழில் அப்போது கிடையாது. ஆகவே மனைவி நோயாளியைப் பார்த்துக்கொள்வது தயவு அல்ல, ஏற்பாட்டின் ஒரு பகுதி. சிசீலியா எட்வர்டுக்குத் தண்ணீர் புகட்டுவதும் நெற்றியைத் துடைப்பதும் அலங்காரக் காட்சிகளாக இல்லாமல், உயிர் பிழைக்கவைக்கும் வேலையாகத் தெரிவது இதனால்தான்.

கடிதங்கள்

ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு கடிதத் துணுக்குடன் தொடங்குகிறது. கதை தொடங்குவதற்கு முன் தாமஸும் சிசீலியாவும் எழுதிக்கொண்டவை இவை. தாமஸ் தங்கையின் கடிதங்களை எட்வர்டுக்குப் படித்துக்காட்ட, மெல்ல மெல்ல எட்வர்டும் கடைசியில் ஒரு வரி சேர்க்கத் தொடங்குகிறான். அவளும் பதிலுக்கு ஒரு வரி எழுதுகிறாள். முகம் பார்க்காத இருவர் மூன்றாமவன் ஒருவன் வழியாகப் பழகிக்கொள்கிறார்கள்.

நாவலின் சிறந்த உத்தி இது. சிசீலியாவின் பொய் முழுப் பொய்யல்ல என்பதை விளக்கவுரை இல்லாமல் இது நிறுவுகிறது. இருவருக்கும் ஏற்கெனவே ஓர் உறவு உண்டு. அதற்குப் பெயர் மட்டும் இல்லை. இன்னொன்று, தாமஸ் நிகழ்காலக் கதையில் எங்கும் வருவதில்லை. கடிதங்களில் மட்டுமே பேசுகிறான், கேலி செய்கிறான். அவன் இறந்துவிட்டான் என்று தெரிந்த பிறகும் அடுத்த அத்தியாயத்தின் தலையில் அவன் குரல் வருகிறது. காதல் நாவல் என்று எடுத்த வாசகர் அந்த இடங்களில் சற்று நின்றுதான் போகவேண்டியிருக்கிறது.

நினைவிழப்பும் முன்னோடிகளும்

தலையில் அடிபட்டு நினைவிழப்பது கதைகளில் அடித்துத் துவைக்கப்பட்ட உத்தி. பொதுவாகக் கதாநாயகன் தன் பெயரையே மறந்துவிடுவான். அப்படி நேர்வது அரிது. அடிபடுவதற்கு முந்தைய சில காலம் மட்டும் அழிந்துபோவதுதான் மருத்துவத்தில் காணக்கூடியது. எட்வர்ட் தன்னையும் குடும்பத்தையும் நண்பனையும் மறக்கவில்லை. மூன்று மாதங்களை மட்டும் இழக்கிறான். அந்த மூன்று மாதங்களில்தான் தாமஸுக்கு என்ன ஆயிற்று என்ற செய்தியும் புதைந்திருக்கிறது. ஆகவே அவன் நினைவு திரும்ப வேண்டும் என்று சிசீலியா வேண்டுகிறாள். திரும்பினால் தான் அகப்பட்டுக்கொள்வோம் என்றும் அஞ்சுகிறாள். பழைய உத்தியைக் குவின் இப்படி முடிச்சாக மாற்றியிருக்கிறார்.

நினைவின்றிக் கிடப்பவனின் துணைவி என்று ஒருத்தி அறியப்படும் கதைக்கு வைல் யூ வேர் ஸ்லீப்பிங் (1995) என்ற ஹாலிவுட் படம் எல்லோரும் அறிந்த முன்னோடி. நாவலின் பின்னட்டை வாசகமே அந்தப் பெயரைச் சுட்டித்தான் தொடங்குகிறது. படத்தில் மருத்துவமனையில் யாரோ தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், நாயகி மறுக்காமல் விடுகிறாள். இங்கே நாயகியே வாய் திறந்து சொல்கிறாள். வேறுபாடு சிறியதல்ல. சிசீலியாவின் மேல் பழி முழுவதுமாக விழுகிறது, அவள் துணிவும் அவளுடையதாகவே நிற்கிறது.

வரலாற்றுக் காதல் நாவலில் பாவனை உறவு என்ற வகைக்கு ஆங்கிலத்தில் வேர் ஆழமானது. ஜார்ஜெட் ஹேயர் எழுதிய கோட்டிலியன் (1953) பாவனை நிச்சயதார்த்தத்தைப் பற்றியது. கிட்டி சாரிங் என்ற பெண் லண்டனைப் பார்க்கவும் மனத்தில் உள்ளவனைச் சீண்டவும் ஃபிரெடி என்ற வெகுளியைப் போலி மணமகனாக்குகிறாள். அங்கே இருவரும் அறிந்து நடிக்கிறார்கள். ஏமாறுவது ஊர். குவின் நாவலில் நடிப்பது ஒருத்தி மட்டும், ஏமாறுபவன் கூடவே இருக்கிறான். இதனால் ஹேயரின் கதையில் இருக்கும் கவலையற்ற சிரிப்பு இங்கே கிடைக்க வழியில்லை. குவின் இரண்டையும் பெற முயல்கிறார். முதல் பாதியில் அது கைகூடுகிறது.

மதிப்பீடு

வாசகர்களை இரண்டாகப் பிரிப்பது பொய்யின் நீளம். உயிர் காக்கச் சொன்ன பொய்யை யாரும் குறை சொல்வதில்லை. அவன் தெளிவாக விழித்து, எழுந்து, நடமாடத் தொடங்கிய பிறகும் அது தொடர்கிறது. மனைவி என்று நம்பியே அவன் அவளோடு நெருங்குகிறான். அந்த நெருக்கத்துக்கு அவன் கொடுத்த சம்மதம் தவறான தகவலின் மேல் கொடுத்தது. இதே பொய்யை ஓர் ஆண், நினைவிழந்த ஒரு பெண்ணிடம் சொல்லியிருந்தால் இன்றைய வாசகர் எவரும் அதைக் காதல் கதையாகப் படித்திருக்க மாட்டார். குவினுக்கும் இது தெரிந்திருக்கிறது. சிசீலியாவைத் திரும்பத் திரும்பக் குற்றவுணர்வில் தவிக்கவிடுகிறார், எட்வர்டையும் சில உண்மைகளை மறைப்பவனாக்கித் தராசைச் சமன்செய்கிறார். தவிப்பு பல பக்கங்களுக்கு ஒரே இடத்தில் சுற்றுவது நடுப்பகுதியின் தொய்வு. ஒரு வாக்கியத்தில் தீரக்கூடிய சிக்கல் ஏன் தீரவில்லை என்ற எரிச்சல் அங்கே எழும்.

ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னால் அவளுக்கு என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. பணம் கரைந்துவிட்டது. ஊர் ஒரு பெருங்கடல் தூரம். அங்கே ஹோரஸ். இங்கே, மணமாகாமல் ஓர் ஆணின் அறையில் தங்கியவள் என்ற பெயர். அண்ணனைப் பற்றிக் கேட்கவும் வழியில்லை. அவன் மன்னிப்பான் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இந்தக் கணக்கை நாவல் இன்னும் கூர்மையாக எழுதியிருந்தால் நடுப்பகுதியின் எரிச்சல் அச்சமாக மாறியிருக்கும்.

உரையாடல் குவினின் பலம். நோயாளியும் பொய்க்காரியும் பேசிக்கொள்ளும் இடங்களில் ஒருவரையொருவர் சிரிக்கவைக்க முயல்வதிலேயே காதல் வளர்கிறது. வரலாற்று நுணுக்கம் தேடுபவர்களுக்கு இந்நாவல் போதாது. கடிதங்களுக்காகவும், மனைவி என்ற ஒற்றைச் சொல் ஒரு நகரத்தின் நடத்தையை எப்படி மாற்றுகிறது என்பதற்காகவும் ரோக்ஸ்பி வரிசையில் இதையே முதலில் படிக்கலாம்.

தொடர்ச்சி

வரிசையின் மூன்றாம் நாவல் தி அதர் மிஸ் பிரிட்ஜர்டன் (2018) எட்வர்டின் தம்பி ஆண்ட்ரூவின் கதை. நான்காவதும் கடைசியுமான ஃபர்ஸ்ட் கம்ஸ் ஸ்கேண்டல் (2020) மருத்துவ மாணவனான கடைசித் தம்பி நிக்கோலஸைப் பற்றியது. பணத்தாசை பிடித்த ஒருவனால் கடத்தப்பட்டு, தன் தவறேதும் இல்லாமல் பெயர் கெட்டுப்போன ஜார்ஜியானா பிரிட்ஜர்டனை அவன் மணக்க முன்வருகிறான். அங்கே திருமணம் முதலில் நடந்துவிடுகிறது, பதிவேட்டிலும் ஏறிவிடுகிறது. காதல் பின்னால் வருகிறது.